கொழும்பில் தூண்டில் போடத் தொடங்குகிறவர்களுக்கு

ஜூன் மாதத்தில் புதுத் தூண்டில் தடியோடு காலிமுகத்திடல் கரையில் நிற்கும் இளைஞர்களை ஆண்டுதோறும் காணலாம். அலை வந்து கரைக்கற்களில் மோதித் தெறிக்கும். தண்ணீர் கலங்கிக் கிடக்கும். எறிந்த ஈயக்குண்டு கல்லிடுக்கில் மாட்டும், இழுத்தால் நூல் அறும். நாலைந்து ஈயம் போனபின் தடி வீட்டு மூலைக்குப் போய்விடும். அந்தத் தடியில் பிழையில்லை, பிடித்த கையிலும் பிழையில்லை, மாதம்தான் பிழை. அதே பிற்பகலில் ஓர் ஏரிக்கரையில் அரை இறாத்தல் பாணோடு உட்கார்ந்திருந்தால் முதல் நாளே மீன் கண்டிருப்பார்கள்.

கொழும்பின் தனிச்சிறப்பு இங்கேதான் இருக்கிறது. நன்னீர், உவர்நீர், கடல் மூன்றும் ஒரு பஸ் பயணத் தூரத்தில் கிடக்கின்றன. ஒன்று மூடிக்கொள்ளும் காலத்தில் மற்றொன்று திறந்திருக்கும். எந்த மாதம் எந்தத் தண்ணீர் என்று தெரிந்துகொண்டால் ஆண்டு முழுவதும் தூண்டில் போடலாம். ஆகவே கடைக்குப் போவதற்கு முன் நாட்காட்டியிலிருந்து தொடங்குவோம்.

மாதக் கணக்கு

மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று. சோழகம் நேராக மேற்குக் கரையில் அடிக்கும். பாறைக்கரையில் நிற்பது உயிராபத்து. இந்த மாதங்களில் ஏரிப்பக்கம் போங்கள். அக்டோபர், நவம்பர் இடைப்பருவம்: காலையில் வெயில், பிற்பகலில் இடியும் மின்னலும். ஆறு பெருகிக் கலங்கும். டிசம்பர் தொடக்கம் ஏப்ரல் வரை கொழும்புக் கடல் அடங்கித் தெளிந்திருக்கும். கரையிலிருந்து கடல்மீன் பிடிக்கக் கற்றுக்கொள்ள ஏற்ற காலம் இதுதான். மார்ச், ஏப்ரல் பிற்பகல்களில் மீண்டும் இடிமழை வரும். ஆனால் காலை வேளைகள் அருமையானவை.

யாழ்ப்பாணத்திலிருந்தோ மட்டக்களப்பிலிருந்தோ வந்து வெள்ளவத்தையில் இருப்பவர்கள் இதை நன்றாக மனதில் வைக்க வேண்டும். உங்கள் ஊர்க் கணக்கு இங்கே தலைகீழ். வாடைக்காற்றில் அங்கே கடல் குமுறும் மார்கழி, தை மாதங்களில் இங்கே கடல் குளம்போல் கிடக்கும். ஊரில் அப்பாவோடு கடலுக்குப் போய்ப் பழகியவர்கள்கூட முதல் ஆண்டில் இதில் தடுமாறுவதுண்டு.

எந்தத் தண்ணீர்?

பேர வாவி நகரின் நடுவில் இருப்பதால் எல்லார் கண்ணும் முதலில் அங்கேதான் போகும். வீசிப் பழகுவதற்கு அது போதும். ஆனால் நீண்ட காலமாகக் கழிவுநீர் சேர்ந்த வாவி அது. பாசி பூத்துப் பச்சையாகவே இருக்கும். அங்கே பிடித்த மீனைச் சமைக்காதீர்கள்.

தியவன்னா ஓயாவும் அதைச் சுற்றியுள்ள ஈரநிலங்களும் அழகானவை. 2018 இல் கொழும்புக்கு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 'ஈரநில நகரம்' என்ற அங்கீகாரம் கிடைத்ததற்கு இவைதான் காரணம். ஆனால் பாராளுமன்றத்தைச் சுற்றிய நீர்ப்பகுதி பாதுகாப்பு வலயம், பறவைகள் சரணாலயமும்கூட. பெத்தகான போன்ற ஈரநிலப் பூங்காக்கள் நடந்து பார்ப்பதற்கு உரியவை. அங்கெல்லாம் தடியை விரிக்க வேண்டாம். அப்பால் உள்ள கால்வாய்க் கரைகளிலும் வயலோரக் குளங்களிலும் ஊரவர்கள் தூண்டில் போடுவதைப் பார்த்தால், அருகில் போய்க் கேட்டுவிட்டு நில்லுங்கள்.

என் தெரிவு பொல்கொடை வாவிதான். பிலியந்தலைப் பக்கமும் மொறட்டுவைப் பக்கமுமாகப் பரந்து கிடந்து, கடைசியில் பாணந்துறையில் கடலோடு சேரும் நீர் அது. மேல்பகுதியில் திலாப்பியாவும் விராலும், கீழே போகப்போக உவர் ஏறி, கொடுவா, செம்பல்லி, சின்னப் பாரை. ஒரே வாவியில் தொடக்கக்காரருக்கும் வேலை இருக்கிறது, தேர்ந்தவருக்கும் வேலை இருக்கிறது. கரையில் பெரும்பகுதி தனியார் வளவு. உரிமையாளரிடம் கேட்காமல் இறங்கக் கூடாது. முதலையும் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன்.

வடக்கே மட்டக்குளி, முகத்துவாரம் என்ற பகுதிகளுக்கு அருகே களனி கங்கை கடலில் விழுகிறது. பக்கத்திலேயே காக்கைத்தீவுக் கடற்கரை. ஆறும் கடலும் சேரும் இடம் என்பதால் இரண்டின் மீனும் அங்கே வரும். தெற்கே கொள்ளுப்பிட்டியிலிருந்து பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை, தெஹிவளை, கல்கிசை வரை ரயில் பாதைக்கு அப்பால் கரைக்கற்கள். துறைமுகமும் கடற்படைக்குரிய பகுதிகளும் தடை. துறைமுக நகருக்காகக் கடலில் 269 ஹெக்டேயர் நிலம் நிரப்பப்பட்ட பிறகு காலிமுகத்திடலின் வடக்கு ஓரம் முழுதாக மாறிவிட்டது. பழைய ஆட்கள் சொல்லும் இடங்களில் பல இன்று நிலத்தின் அடியில் இருக்கின்றன.

என்ன வாங்குவது

ஒரே ஒரு தடி போதும். கடைக்காரர் மூன்று காட்டுவார். ஏழடி நீளமுள்ள, 10 முதல் 30 கிராம் வரை எறியக்கூடிய ஸ்பின்னிங் ரொட் ஒன்றைக் கேளுங்கள். ஏரிக்குச் சற்றுக் கனம், கடலுக்குச் சற்று மெலிவு. ஆனால் இரண்டிலும் வேலை செய்யும். அதற்கு 3000 இலக்க ரீல். பணத்தை எங்கே கூடுதலாகப் போடுவது என்று கேட்டால், ரீலில் போடுங்கள் என்பேன். உப்புக்காற்று மலிவான ரீலின் உள்ளே புகுந்துவிட்டால் ஒரு பருவம்கூடத் தாங்காது.

நூலில் இரண்டு வகை. தங்கூஸ் எனப்படும் ஒற்றை இழை நைலோன் இழுபடும், மலிவானது, பழகுவதற்கு நல்லது. பிரெய்ட் என்னும் பின்னல் நூல் மெல்லியது, இழுபடாது, தூரம் போகும், கடி உடனே கைக்குத் தெரியும். ரீலில் 20 இறாத்தல் பலமுள்ள பிரெய்ட் 150 மீற்றர் சுற்றி, நுனியில் ஒரு பாகம் நீளத்துக்கு, அதாவது இரு கைகளையும் விரித்த நீளத்துக்கு, தங்கூஸ் லீடர் கட்டுங்கள். ஏரிக்கு 10 இறாத்தல் லீடர், கடலுக்கும் முகத்துவாரத்துக்கும் 30. பிரெய்ட்டை நேரே தூண்டில் முள்ளில் கட்டிவிட்டு எறிந்தால், முதல் கல்லில் உரசியவுடன் கத்தியால் வெட்டியதுபோல் அறும்.

முள்ளில் 8 ஆம் இலக்கம் ஒரு பெட்டி திலாப்பியாவுக்கு. கடலுக்கு 1/0, 2/0 சேர்க்கிள் முள், அதாவது நுனி உள்நோக்கி வளைந்த முள். ஈயக்குண்டு மிகச் சிறியதிலிருந்து 30 கிராம் வரை சிலது, நூல் முறுகாமல் சுழலும் சுவிவல் பத்து, மிதவை இரண்டு. லூவர் எனப்படும் போலி இரைகளில் தவளை ஒன்று, 28 கிராம் உலோக ஸ்பூன் ஒன்று, மீன் வடிவ லூவர் ஒன்று. தொங்கவிட்டு அடுக்கியிருப்பதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். பல லூவர்களின் நிறம் மீனைவிட மனிதரைப் பிடிக்கவே தீட்டப்பட்டது.

கூர்மூக்குக் குறடும் நூல் வெட்டியும் கட்டாயம். அடிப்பாகம் வழுக்காத சப்பாத்து, தொப்பி, நீரின் மினுக்கத்தை மறைக்கும் போலரைஸ்ட் கண்ணாடி. இந்தக் கண்ணாடியைப் பலர் அலங்காரப் பொருளென்று நினைக்கிறார்கள். நீருக்கடியில் கல் எங்கே, புல் எங்கே, மீன் எங்கே என்று காட்டுவது அதுதான். கண்ணில் முள் பாயாமல் காப்பதும் அதுதான். புறக்கோட்டையிலும் நீர்கொழும்பிலும் தூண்டில் சாமான் கடைகள் உண்டு. நீர்கொழும்புக் கடைக்காரர்களிடம் தொழிலாளர் பயன்படுத்தும் உறுதியான சாமான் கூடுதலாகக் கிடைக்கும்.

இரண்டு முடிச்சு

வீட்டில் இருந்து, தொலைக்காட்சி பார்த்தபடி கட்டிப் பழகுங்கள். கரையில் காற்றில் நின்று கற்க முடியாது.

முள்ளைக் கட்டுவதற்கு பலோமர். நூலின் நுனியைச் சாண் நீளம் மடித்து இரட்டையாக்குங்கள். அந்த வளையத்தை முள்ளின் கண்ணுக்குள் விட்டு மறுபுறம் எடுங்கள். இரட்டை நூலாலேயே ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போடுங்கள். முள் கீழே தொங்கட்டும். இப்போது நுனி வளையத்துக்குள் முள்ளை முழுதாக நுழைத்து எடுங்கள். எச்சில் தொட்டு நனைத்து, இரு நூலையும் சேர்த்து மெல்ல இறுக்குங்கள். நனைக்காமல் இறுக்கினால் உராய்வுச் சூட்டில் தங்கூஸ் பலமிழக்கும். கட்டிய பிறகு நகத்தால் தடவிப் பாருங்கள். சொரசொரத்தால் வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள்.

பிரெய்ட்டையும் லீடரையும் இணைப்பதற்கு இரட்டை யூனி. இரு நூலையும் எதிரெதிராக ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று கிடத்துங்கள். லீடர் நுனியை வளைத்து ஒரு வளையம் செய்து, அந்த வளையத்துக்குள் இரு நூலையும் சுற்றி நாலு தரம் எடுத்து இறுக்குங்கள். மறுபக்கம் பிரெய்ட் நுனியால் அதையே எட்டுத் தரம். பிரெய்ட் வழுக்கும், அதனால்தான் சுற்று கூட. பிறகு இரு பெரிய நூலையும் எதிரெதிரே இழுத்தால் இரு முடிச்சும் நகர்ந்து வந்து முட்டிக்கொள்ளும். நுனிகளை வெட்டுங்கள்.

முதல் நாள்: திலாப்பியா

திலாப்பியா 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன். இன்று நாட்டின் குளத்து மீன்பிடி பெரும்பாலும் அதன் முதுகில்தான் நிற்கிறது. தூண்டில்காரர் சிலர் அதை அற்ப மீனாக நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மிதவையின் அசைவைப் படிக்கவும், எப்போது கொக்கி போடுவது என்று கை உணரவும் அதைவிட நல்ல ஆசிரியன் கிடையாது.

காலை ஆறு மணிக்குப் போங்கள், அல்லது மாலை நாலு மணிக்கு. உச்சிவெயிலில் மீன் ஆழத்துக்குப் போய்விடும். கரையோரத் தண்ணீரை ஐந்து நிமிடம் பாருங்கள். ஆழமற்ற தரையில் தட்டு அளவில் வட்டக் குழிகள் தெரிந்தால் அது திலாப்பியாவின் கூடு. ஆண்மீன் வாயால் தோண்டியது. பெண்மீன் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள் வைத்துக் காக்கும். அந்தக் குழியின் மேலேயே போடாமல், சற்று ஆழம் தொடங்கும் ஓரத்தில் போடுங்கள்.

லீடரில் 8 ஆம் இலக்க முள், ஒரு சாண் மேலே மிகச் சிறிய ஈயம், இரண்டு மூன்றடி மேலே மிதவை. பாணின் நடுப்பகுதியை நனைத்துப் பிழிந்து பட்டாணி அளவில் உருட்டி முள்ளை மறையுங்கள். மண்புழு கிடைத்தால் இன்னும் நல்லது. பாண் தூள் ஒரு பிடி தூவிவிட்டு அதன் நடுவே இரையை இறக்குங்கள். பிறகு அசையாமல் இருங்கள். கரையில் தொம் தொம்மென்று நடந்தால் அந்த அதிர்வு தண்ணீருக்குள் போகும்.

மிதவை துடிக்கும். அப்போது இழுக்காதீர்கள், மீன் இன்னும் முகர்ந்து பார்க்கிறது. மிதவை ஒரு பக்கமாக நகரத் தொடங்கும்போது, அல்லது அமிழும்போது, மணிக்கட்டால் ஒரு சின்னத் தூக்கு. தோள் முழுவதும் சேர்த்து இழுத்தால் மீனின் வாய் கிழியும், இல்லையேல் மீன் தலைக்கு மேலே பறந்து பின்னால் மரத்தில் விழும்.

வீசும் முறை இது. நூலை ஆட்காட்டி விரலில் பிடித்து, ரீலின் கம்பி வளையத்தைத் திறவுங்கள். பின்னால் திரும்பிப் பாருங்கள்: ஆள், மின்கம்பி, மரக்கிளை. தடியைத் தோளுக்கு மேல் கொண்டுபோய் முன்னே வீசி, தடி கண்ணெதிரே வரும்போது விரலை விடுங்கள். இரை தண்ணீரைத் தொட்டவுடன் வளையத்தைக் கையால் மூடுங்கள். கைப்பிடியைச் சுற்றி மூடும் பழக்கம்தான் பிரெய்ட் சிக்குவதற்குப் பெரிய காரணம்.

விரால்

திலாப்பியா கை வந்த பிறகு விரால். ஆகாயத்தாமரையும் புல்லும் மூடிய ஓரங்களில் அது மறைந்திருக்கும். காற்றைச் சுவாசிக்க மேலே வரும் மீன் என்பதால், இலைகளுக்கிடையில் அவ்வப்போது 'பளக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த இடத்துக்கு அப்பால் தவளை லூவரை எறிந்து, இலைமேல் தத்தித் தத்தி வரும்படி இழுத்து வாருங்கள். தவளை லூவரின் முட்கள் உடலோடு ஒட்டி இருப்பதால் புல்லில் மாட்டாது. நீர் வெடித்து விரால் பாயும்போது நெஞ்சு பதறும், கை தானாக இழுக்கும். இழுக்கக் கூடாது. லூவர் கண்ணைவிட்டு மறைந்து நூல் கனத்த பிறகே தடியைத் தூக்க வேண்டும். மாட்டியதும் இரக்கமில்லாமல் வேகமாக மேலே கொண்டுவாருங்கள். புல்லுக்குள் தலை வைத்துவிட்டால் எடுக்க முடியாது.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். நீர்மேல் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக்கூட்டம் ஒன்று கொதிப்பதுபோல் நகர்ந்தால், அதன் அடியில் தாயும் தந்தையும் காவல் நிற்கின்றன. அங்கே எதை எறிந்தாலும் பாய்ந்து கடிக்கும், பசியால் அல்ல, பிள்ளைகளைக் காக்க. அதைப் பிடிப்பதில் திறமை எதுவுமில்லை. பெற்றோர் போனால் அந்தக் குஞ்சுகள் முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகும். தூண்டிலைச் சுற்றிக்கொண்டு வேறு ஓரத்துக்குப் போங்கள்.

அலங்கார மீன்தொட்டிகளிலிருந்து வெளியேறிப் பெருகிவிட்ட கத்தி மீனும், தொட்டி சுத்தம் செய்யும் கரட்டு மீனும் கொழும்பு நீர்களில் மாட்டும். அவற்றை உயிரோடு வேறு குளத்துக்குக் கொண்டுபோய் விடக் கூடாது.

முகத்துவாரம்

ஆறு கடலோடு சேரும் வாய் இது. இங்கே வற்று, பெருக்கு, அதாவது கடல்நீர் இறங்குவதும் ஏறுவதும், தெரிந்திருக்க வேண்டும். கொழும்பில் கடல் ஏறி இறங்கும் அளவு சின்னது. பூரணை, அமாவாசையை ஒட்டிய நாட்களிலும் அரை மீற்றரைச் சற்றே தாண்டும். ஆனால் ஒடுங்கிய ஆற்றுவாயில் அந்த அளவே பெரிய ஓட்டத்தை உண்டாக்கும். நாளில் இரண்டு தரம் ஏறி இரண்டு தரம் இறங்கும். நேரத்தைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளலாம்.

வற்று ஓடும்போது ஆற்றிலிருந்து இறாலும் மடவைக் குஞ்சும் வெளியே அள்ளுண்டு வரும். கலங்கல் நீரும் தெளிந்த நீரும் சேரும் இடத்தில் ஒரு கோடு தெரியும். கொடுவாவும் பாரையும் அந்தக் கோட்டின் ஓரத்தில், கல்லின் மறைவில், ஓட்டத்துக்கு எதிராகத் தலைவைத்துக் காத்திருக்கும். உங்கள் இரையும் ஓட்டத்தோடு இயல்பாக வந்து அந்த ஓரத்தைக் கடக்க வேண்டும். நீர் நின்றுவிட்டால் மீனும் வாயை மூடிக்கொள்ளும்; அப்போது தேநீர் குடிக்கலாம்.

மழையில்லாத மாதங்களில் உப்புநீர் களனி கங்கையில் வெகுதூரம் மேலேறும், கொடுவாவும் செம்பல்லியும் அதோடு மேலே போகும். பெருமழை பெய்து இரண்டு மூன்று நாளைக்கு முகத்துவாரம் தேநீர் நிறத்தில் ஓடும். குப்பையும் மரமும் வரும். அந்நாட்களில் போய்ப் பயனில்லை.

முகத்துவாரத்தில் கைநூலோடு நிற்கும் முதியவர்களிடம் கற்க நிறைய உண்டு. அவர்களுக்கு இது பொழுதுபோக்கல்ல, அன்றைய கறி. வணக்கம் சொல்லி, நூல் குறுக்கிடாத தூரத்தில் நில்லுங்கள். கொஞ்ச நேரம் போனால் அவரே பேசுவார்: "தம்பி, ஈயம் கூடிப்போச்சு. தண்ணி இழுக்கிற வழிக்கே விடுங்க, கட்டிப்போடாதீங்க." இந்த ஒரு வரி நாற்பது காணொளிகளுக்குச் சமம். காக்கைத்தீவுப் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தால், வலை கரைக்கு வரும்வரை அந்தப் பக்கம் எறியவே கூடாது.

உயிர் இறால், அல்லது சந்தையில் வாங்கிய புதிய இறால், வாலிலிருந்து முள்ளேற்றிப் போடலாம். கணவாய்த் துண்டு முள்ளில் நன்றாக நிற்கும். சேர்க்கிள் முள்ளுக்கு ஒரு விதி: கடித்தவுடன் வெட்டி இழுக்கக் கூடாது. நூல் இறுகியதும் சீராக ரீலைச் சுற்றுங்கள்; முள் தானாக வாயோரத்தில் திரும்பி மாட்டும். மீன் விழுங்காததால் விடுவிப்பதும் எளிது.

ரீலின் டிராக்கை, அதாவது மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கும் பிடியை, நூல் பலத்தின் நாலில் ஒரு பங்குக்கு வையுங்கள். 20 இறாத்தல் நூலென்றால் ஐந்து இறாத்தல் இழுவையில் நூல் வெளியேற வேண்டும். இரண்டு கிலோப் பாரை ஒன்று ஓடும் முதல் ஓட்டத்தை எவராலும் நிறுத்த முடியாது. நிறுத்தப் பார்க்காதீர்கள், ஓட விடுங்கள். அது நிற்கும்போது நீங்கள் தொடங்குங்கள்: தடியைத் தூக்கி, இறக்கும்போது சுற்றி, மறுபடி தூக்கி.

கடற்கரைக் கற்களில்

டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில், விடியுமுன் போய்ச் சேருங்கள். ரயில் பாதையைக் கடவையில் மட்டும் கடக்க வேண்டும். தண்டவாளத்தில் நடப்பது சட்டவிரோதம். அலைச் சத்தத்தில் ரயில் சத்தம் கேட்காது. தடியைப் பின்னால் கொண்டுபோகும் வீச்சும் தண்டவாளத்தின் பக்கம் போகக் கூடாது.

கல்லில் ஏறுமுன் பதினைந்து நிமிடம் உலர்ந்த இடத்தில் நின்று கடலைப் பாருங்கள். அலை கூட்டமாக வரும். சில நிமிட அமைதிக்குப் பின் பெரியவை தொடராக வரும். அந்தப் பெரிய அலையின் ஈரம் எந்தக் கல்வரை எட்டுகிறதோ அதற்கு மேலேயே நிற்க வேண்டும். கறுத்து மினுங்கும் கல்லில் பாசி உண்டு, அதில் கால் வைக்காதீர்கள். கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். தனியே போகாதீர்கள். வழுக்கி விழுந்த தடியை எடுக்க இறங்காதீர்கள்.

கிழக்கு வெளுக்கும் அரை மணி நேரத்தில் பாரைகள் சூடை, நெத்தலிக் கூட்டத்தைக் கரைக்குத் தள்ளிவரும். நீர்மேல் சின்ன மீன்கள் மழைத்துளி விழுந்ததுபோல் தெறித்தால், கடற்பறவைகள் ஒரே இடத்தில் குத்தினால், அங்கே ஸ்பூனை எறிந்து வேகமாகச் சுற்றுங்கள். சீலா மாட்டும் இடமென்றால் லீடர் நுனியில் சாண் நீளக் கம்பி வேண்டும்; அதன் பல் தங்கூசை நறுக்கிவிடும். வெயில் ஏறியபின் கல்லடிவாரத்தில் இறால் போட்டால் செம்பல்லியும் கலவாயும் கிடைக்கலாம், ஆனால் ஈயமும் நிறையப் போகும்.

இடி கேட்டவுடன் தடியை மடக்கிக் கரையேறுங்கள். கார்பன் தடி மின்சாரத்தைக் கடத்தும். அடுத்த வீச்சு, கடைசி வீச்சு என்று நிற்காதீர்கள்.

முதலை கொழும்புக்குப் புதிதல்ல. பொல்கொடையிலும் தியவன்னாவிலும் உண்டு. 2022 ஜனவரியில் கல்கிசைக் கடலில் முதலை தாக்கி ஒரு சுழியோடி உயிரிழந்தார். கரையோரத்தில் இடுப்பளவு நீரில் இறங்கி நின்று வீசுவதையும், மீன் கழிவை நிற்கும் இடத்திலேயே நீரில் எறிவதையும் தவிருங்கள். அந்தி சாய்ந்தபின் ஏரியோரத்தில் குந்தியிருக்க வேண்டாம்.

மீன் கைக்கு வந்தபின்

எந்த மீன் என்று தெரியாமல் தொடாதீர்கள். கெளிற்றின் முதுகிலும் இரு பக்கத்திலும் நச்சு முள். ஓராவின் துடுப்பு முட்களும் அப்படியே. ஏரியில் சுங்கான், கடலில் திருக்கை வால். குத்திவிட்டால் தாங்கக்கூடிய சூடான நீரில், ஏறத்தாழ 45 பாகை வெப்பத்தில், காயத்தை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்திருங்கள்; நஞ்சின் வேதனை குறையும். சூட்டை முதலில் மற்றக் கையால் பாருங்கள், குத்துப்பட்ட கை சூட்டைச் சரியாக உணராது. பிறகு வைத்தியசாலைக்குப் போங்கள். அவசரமென்றால் 1990 சுவசெரிய அம்புலன்ஸ். கொடுவாவின் செவுள்மூடி கத்திபோல் வெட்டும். செவுளுக்குள் விரல் விடாதீர்கள். பேத்தையை எவர் என்ன சொன்னாலும் உண்ணாதீர்கள், அதன் நஞ்சு சமைத்தாலும் போகாது.

மழைக்காலத்தில் கால்வாய், வயல் நீரில் வெறுங்காலோடு நிற்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரலாம். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று ஏரி வேண்டாம். போய்வந்த ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் கண்டால், தண்ணீரில் நின்றதை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

திருப்பி விடுவதென்றால் கையை நனைத்துப் பிடியுங்கள். உலர்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும், அந்த வழுவழுப்புத்தான் அதன் கவசம். வயிற்றைத் தாங்கி, ஒரு படம் எடுத்து, தலையை ஓட்டத்துக்கு எதிரே வைத்து, அது தானாக வாலடித்துப் போகும்வரை பிடித்திருங்கள். முள் தொண்டைக்குள் போயிருந்தால் கிண்டாதீர்கள். நூலை வாயருகே வெட்டிவிடுங்கள்.

எதை விடுவது? கையளவுக் குஞ்சுகளை எப்போதும். பெரிய கொடுவாவையும் விடுங்கள் என்பேன். கொடுவா பிறப்பது ஆணாக. பல ஆண்டு வளர்ந்த பின்னரே பெண்ணாக மாறுகிறது. ஆகவே உங்கள் கையில் வரும் மிகப் பெரிய கொடுவா அநேகமாக முட்டையிடும் தாய். நடுத்தர அளவு மீன்தான் கறிக்கும் ருசி. வைத்துக்கொள்ளும் மீனை உடனே தலையில் தட்டிக் கொன்று, செவுளை வெட்டி இரத்தம் வடியவிட்டு ஐஸில் போடுங்கள். பொலித்தீன் பையில் வெயிலில் கிடந்த சூரையும் சூடையும் உடம்பெல்லாம் தடிப்பை உண்டாக்கும், சமைத்தாலும் அந்தக் கெடுதி போகாது. பாரைக்குப் புளிக்குழம்பு, திரளிக்குச் சொதி. அதற்குமேல் நான் சொல்லத் தேவையில்லை.

சட்டமும் பழக்கமும்

1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டம் வெடியும் நஞ்சும் வைத்து மீன் பிடிப்பதைத் தடை செய்கிறது. அப்படிச் செய்பவர்களோடு ஒரே கரையில் நிற்காதீர்கள். ஆமைகள் பாதுகாக்கப்பட்டவை; தூண்டிலில் மாட்டினால் இழுத்துத் தூக்காமல் முள்ளுக்கு அருகே நூலை வெட்டி விடுவியுங்கள். பூரணை நாளில், விகாரைக்கு அருகில், தடியை விரிக்காமல் இருப்பது நல்ல அயலுறவு. அறுந்த நூலைக் கரையில் விடாதீர்கள். கொக்கும் நீர்க்காகமும் காலில் சுற்றிச் சாகின்றன. ஒரு வெற்றுப் போத்தலைக் கொண்டுபோய் அதற்குள் திணித்துக் கொண்டுவாருங்கள்.

வீடு திரும்பியதும்

களைப்பாக இருந்தாலும் ரீலைக் கழுவிவிட்டுத்தான் குளிக்க வேண்டும். டிராக் குமிழை முதலில் இறுக்கி, மெல்லிய நீர்த்தூவலில் கழுவுங்கள்; குழாயை நேரே பீய்ச்சினால் உப்பு உள்ளே தள்ளப்படும். துடைத்து நிழலில் காயவிட்டு, டிராக்கைத் தளர்த்துங்கள். தடியின் வளையங்களைப் பஞ்சால் துடையுங்கள். பஞ்சின் நார் எங்காவது மாட்டினால் அங்கே வெடிப்பு இருக்கிறது, அந்த வளையம் பிரெய்ட்டை வெட்டும், மாற்றுங்கள். லீடரின் கடைசி ஒரு முழத்தை விரலிடையே இழுத்துப் பார்த்து, சொரசொரத்தால் வெட்டியெறியுங்கள். உப்பில் நனைந்த லூவர்களைப் பெட்டியில் மற்றவற்றோடு போட வேண்டாம். ஒரு துருப்பிடித்த முள் ஒரு கிழமைக்குள் பெட்டி முழுவதையும் துருவாக்கிவிடும்.